கரி மேடம்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் வானத்தைக் காப்பாற்றப் புறப்பட்ட முதல் ஆள் எங்கள் கரி மேடம்தான். அதுவரை எங்கள் ஊர்க்காரர்கள் வானத்தைப் பார்த்து மழை கேட்டதோடு சரி.

எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே விவசாய ஆபீசில் டைப்பிஸ்ட். மண் பரிசோதனைக்கு என்று வந்து சேர்ந்தார் மேடம். அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயசுதான் கூட. சேர்ந்த அன்றைக்கே என் டைப்ரைட்டர் மேல் ஒரு மண்கட்டியை வைத்து, "ஏட்டி, மோந்து பாரு" என்றார். மோந்தேன். "ஒண்ணும் வாடை வரலையே மேடம்."

"அதான் சொல்லுதேன், இது செத்த மண்ணு. மண்ணுல கரி, அதான் கார்பன், இருந்தாத்தான் உசிரு. நம்மாளுக பருத்தி எடுத்த பொறவு காஞ்ச மாரைக் கொளுத்தி அதைப் புகையா மேல அனுப்புதாங்க. மண்ணும் போச்சு, வானமும் சூடாவுது."

பங்குனி வெயிலில் ஃபேன்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்த எனக்கு வானம் சூடாவது ஒரு செய்தியாகவே படவில்லை.

கோயிலுக்குப் போனாலும் இதே பேச்சுதான். புற்றுமண்ணை எல்லாரும் நெற்றியில் பூசுவார்கள். மேடம் பூசியது போக மிச்சத்தை டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டார். டெஸ்ட் பண்ணவாம்.

"சாமி கோவிச்சுக்கிடாதா மேடம்?"

"மண்ணைப் படைச்சவருக்கு ரிசல்ட் தெரிய வேண்டாமாட்டி?"

ஒரு கூட்டத்தில் விவசாயிகளிடம், "நிலத்துல கரி சேருங்க" என்று முழங்கினார். மறுவாரமே பனவடலிசத்திரத்துப் பெரியமீசை ஆபீஸ் வாசலில் வண்டியில் வந்து இறங்கினார். பருத்திக் காடு நிறைய வைத்திருக்கிற மனுஷர். வண்டி நிறைய அடுப்புக்கரி மூட்டை.

"ஐயோ அண்ணாச்சி, இந்தக் கரி இல்ல!"

"பின்ன ஆட்டுக் கறியாம்மா?"

"ஆடு போடுற புழுக்கை! இலை, தழை, மாரு, எல்லாம் மக்கி மண்ணோட சேரணும். அந்தக் கரி!"

ஆபீசே சிரித்தது. மீசை சிரிக்கவில்லை. விறுவிறுவென்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர், கோபத்தில் அந்த வருஷத்துப் பருத்திமாரை வழக்கத்தைவிடப் பெரிய குவியலாகக் குவித்துக் கொளுத்தத் தயாரானார்.

சேதி வந்ததும் மேடம் என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். மீசை தீப்பெட்டியை எடுக்கவும், மேடம் சேலையை இழுத்துச் செருகிக் குவியல் மேல் ஏறி உட்காரவும் சரியாக இருந்தது.

"இப்பக் கொளுத்துங்க அண்ணாச்சி!"

"ஏம்மா, எறங்குங்க! என்னைய ஜெயிலுக்கு அனுப்பவா வந்திய?"

வெயில் உச்சிக்கு வந்தும் அவர் இறங்கவில்லை. கடைசியில் மீசைதான் இறங்கி வந்தார். "மேக்கு மூலையை எடுத்துக்கிடுங்க. வெளங்கலைன்னா அப்புறம் இந்தப் பக்கமே வரப்படாது!"

மாரை வெட்டிச் சாணியோடு குழியில் மக்க வைத்து மேற்கு மூலையில் பரப்பினார் மேடம். ஆட்டுக்காரர்களைக் கெஞ்சி ராத்திரியில் அந்த மூலையில் மந்தையை அடைத்துக் கிடை போட வைத்தார். மேலதிகாரி கூப்பிட்டு, "உங்களை மண்ணை டெஸ்ட் பண்ணச் சொன்னா, கிடை போடுதீங்களா? பயிர் கெட்டா உங்க வேலையும் போயிரும்" என்று எச்சரித்தார். மேடம் அவரையும் மண்ணை மோந்து பார்க்கச் சொன்னார்.

விதைத்ததும் ஒரு மழை. அதோடு வானம் கையை விரித்துவிட்டது. காடெல்லாம் பருத்தி தலை தொங்கியது. மேடத்துக்குச் சோறு இறங்கவில்லை. பனவடலிசத்திரம் போய்ப் பார்க்கவே பயப்பட்டார்.

ஒரு நாள் பெரியமீசையே ஆபீசுக்கு வந்துவிட்டார். கையில் துண்டு முடிச்சு. அவர் முடிச்சை அவிழ்த்தார். கறுத்த மண்.

"கையை விட்டுப் பாருங்கம்மா. ஈரம்! மத்த எடம்லாம் வாடிருச்சு. உங்க மூலை மட்டும் நிமிந்து நிக்கி."

மேடம் கொஞ்சம் மண்ணைக் காயவைத்துக் கண்ணாடிக் குழாயில் போட்டு ஆரஞ்சு நிறத் திராவகத்தை ஊற்றினார். கரி இல்லாத மண்ணென்றால் திராவகம் ஆரஞ்சாகவே இருக்கும். இது மெல்ல மெல்லப் பச்சைக்குத் திரும்பியது. அவ்வளவுதான், குழாயைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். டீக்கடையில் இருந்தவர்களிடம், "மழையில்லா ஊர்ல பச்சையைப் பாரும்வே!" என்று கத்தினார். பின்னாலேயே ஓடிய மீசை, "எங்க மண்ணாக்கும்!" என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டார்.

அடுத்த வருஷம் அந்தப் பக்கத்தில் பல காடுகளில் புகையைக் காணோம். இன்றைக்குப் பெரிய பெரிய கூட்டம் போட்டுக் கரியை மண்ணில் சேர்க்கச் சொல்கிறார்கள். கேட்கும்போது, எங்கள் ஆபீஸில் இதெல்லாம் பழைய செய்தி என்று எனக்குக் கர்வம் வந்துவிடும்.

மேடத்துக்கு மாற்றல் வந்தது. புளியங்குடி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் புறப்பட்டு ஆபீஸ் வாசல்வரை போனேன். உள்ளே சத்தமே இல்லை. லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.