விழிஞ்ஞத்தில் பறந்த வேட்டி

காற்றின் மேல் வழக்குப் போடலாம் என்று சட்டம் வந்தால், முதல் ஆளாக நான்தான் போய் நிற்பேன். குற்றவாளிக் கூண்டில் அதற்குப் பக்கத்திலேயே அம்மாவையும் நிறுத்துவேன்.

எங்கள் கிழக்கேகோட்டைத் தெருவில் பெண் பார்க்கப் போய் அது தட்டிப்போனால், மறுநாள் காய்கறிக்காரர்கூடத் துக்கம் விசாரிப்பார். அதனால் வித்யாவை வெளியிடத்தில் பார்ப்பதென்று இரண்டு வீட்டிலும் பேசி, விழிஞ்ஞம் துறைமுகத்துப் பழைய கலங்கரை விளக்கத்தை முடிவு செய்தார்கள். ஃபோட்டோவிலேயே எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. சொதப்பிவிடக் கூடாதே என்று, கழக்கூட்டத்தில் இருக்கும் என் ஆபீசுக்குப் போடும் நல்ல பேன்ட்டை இஸ்திரி போட்டு வைத்திருந்தேன்.

"கோவில்ல தொழுதுட்டு அப்படியே வேஷ்டியோட வாடா, கேட்டயா? பாத்தா ஒரு லக்ஷணம் வேண்டாமோ?" என்றாள் அம்மா. (வேட்டியோடு எனக்கு இருந்த உறவெல்லாம் கோயிலுக்குள் மட்டும்தான். அங்கே காற்றே கிடையாது.)

முட்டுவலி என்று பெரியவர்கள் கீழேயே நின்றுவிட்டார்கள். நானும் வித்யாவும் ஏறினோம். உச்சி மாடத்தில் காலை வைத்ததும் கடல், பாறை, படகு எல்லாம் சுற்றின. கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். அடித்தது காற்று! வேட்டியைப் பிடிக்க வேண்டுமானால் கம்பியை விட வேண்டும். (மானம்தான் பெரிது என்று மேடையில் முழங்குகிறவர்கள் அங்கே ஒருமுறை ஏறிப் பார்க்கட்டும்.)

வேட்டி துறைமுகத்தைப் பார்க்கப் போய்விட்டது. பூப்போட்ட டிராயரோடு நான் நின்றேன். கீழே இரண்டு குடும்பமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. பண்புள்ள மனிதர்கள் கொஞ்சம் தலையைக் குனிந்தால் என்ன?

வித்யா தன் மஞ்சள் துப்பட்டாவை எடுத்து நீட்டினாள்.

"இதை உடுத்துக்கோங்கோ. நான் கடலைப் பாத்துண்டு நிக்கறேன்."

தரையில் உட்கார்ந்தே அதைச் சுற்றிக்கொண்டேன். கீழே வந்ததும் டிக்கெட் கொடுக்கும் சேட்டன் கைதட்டினார்.

"புடவ கொடுத்தல்லோ! இனி எந்து பெண்ணுகாணல்? கல்யாணம் கழிஞ்ஞு!"

(மலையாளிக் கல்யாணத்தில் பிள்ளை பெண்ணுக்குப் புடவை கொடுப்பது முக்கியமான சடங்கு. இங்கே பெண்ணே பிள்ளைக்குக் கொடுத்தாயிற்று, இனிப் பெண் பார்ப்பது எதற்கு, கல்யாணமே முடிந்தது என்கிறார் அந்த மகானுபாவர்!)

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வித்யாவின் அப்பா அங்கேயே என்னை "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டார். பெண் பிடித்திருக்கிறதா என்று என்னை ஒருவர்கூடக் கேட்கவில்லை. அநியாயம் இல்லையா இது? பிடித்திருந்தது என்பது வேறு விஷயம்.

இன்றைக்கும் வீட்டில் யார் சொல்வது நடக்க வேண்டும் என்று சண்டை வந்தால், வித்யா குரலைக்கூட உயர்த்துவதில்லை.

"புடவை கொடுத்தது யாரு?" என்று மட்டும் கேட்பாள்.

அம்மா உடனே அவள் கட்சிக்குப் போய்விடுவாள். நான் போய்ப் பாத்திரம் தேய்ப்பேன்.