மாமா பேரில் ஒரு மஞ்சள் கார்

வெளிநாட்டுக் காசோடு ஊரில் வந்து இறங்குகிறவனுக்குப் புத்தி மட்டும் கொஞ்சம் பிந்தித்தான் வந்து சேரும். எனக்கு அது வந்து சேர ஒரு வருடம் பிடித்தது. அதற்குள் கார் கையை விட்டுப் போய்விட்டது. யாரும் திருடவில்லை, எங்கேயும் மோதவும் இல்லை. காப்புறுதி மலிவாகக் கிடைக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

எழுபத்தேழில் போய், ஐந்து வருடம் பாலைவனத்தில் மண் அள்ளும் மெசின் ஓட்டி, எண்பத்திரண்டில் சாய்ந்தமருதுக்குத் திரும்பி வந்தேன். என்னோடு வந்தவர்கள் வயல் வாங்கினார்கள், கடை போட்டார்கள். நான் கொழும்புக்குப் போய்க் கார் வாங்கினேன். இரண்டே கதவு, மாம்பழ மஞ்சள், இரட்டைக் காபரேட்டர். ஸ்டார்ட் பண்ணினால் பக்கத்து வளவுக் கோழிகள் முட்டையிட மறந்துவிடும். வயல் வாங்கு என்று சொன்ன வாப்பாவிடம், "வயல் ஓடுமா வாப்பா?" என்று கேட்டேன். (அந்த வாயில் அன்றைக்கே ஒன்று போட்டிருக்கலாம். மனுஷன் பொறுமைசாலி.)

காரோடு வந்த கொழும்புக்காரரின் காப்புறுதி முடிய இன்னும் பத்து நாள் இருந்தது. அதற்குள் என் பேரில் புதிதாக எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் கல்முனைச் சந்தியில் நிற்கிற பொலிஸ்காரருக்கு நான் கொண்டாட்டம். இரும்புப் பெட்டியில் காசு குறைந்துகொண்டே வந்தது. அந்தப் பத்து நாளுக்குள் மலிவாக ஒன்று கிடைக்காவிட்டால், ஐந்து வருட உழைப்பு மாமரத்துக்குக் கீழே சாக்கு மூடிக் கிடக்கும்.

முதலில் கல்முனைக் காப்புறுதிக் கந்தோருக்குப் போனேன். மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு கிளாக்கர் வெளியே வந்து காரைச் சுற்றிப் பார்த்தார்.

"தம்பிக்கு எத்தினை வயசு?"

"இருபத்தெட்டு."

"இது எத்தினை மைல் ஓடும்?"

"நூத்தியிருபது!"

"ஓடிப் பார்த்தீங்களோ?"

"பார்க்காம? மகாஓயாவில இருந்து அம்பாறைக்கு எத்தினை நிமிசத்தில வந்தன் தெரியுமா ஐயா? ரெண்டு லொறியும் ஒரு பஸ்ஸும் பின்னால புள்ளியாப் போச்சி!"

அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். நானும் அவர் பாராட்டி எழுதுகிறார் என்று நினைத்து, வளைவில் பிரேக் பிடிக்காமல் திருப்பிய கதையையும் சேர்த்துச் சொன்னேன். கடைசியில் அவர் சொன்ன பிரீமியத்துக்கு இரண்டு ஏக்கர் வெள்ளாமை செய்து, வெட்டி, மூடை கட்டி வீட்டுக்குக் கொண்டுவரலாம்.

மட்டக்களப்புக் கந்தோரில் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டேன். "மெதுவாத்தான் ஓடும் ஐயா, பழைய வண்டி" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன். ஆனால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்க வந்து வாசலில் நிறுத்தியதை அங்கிருந்த கிளாக்கர் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் சொன்ன தொகை கல்முனையைவிடக் கூட.

எட்டாம் நாள் றஸாக் வந்தான். மருதமுனைப் பையன், காப்புறுதி ஏஜண்டு. எங்கள் ஊர்களில் உயிருக்குக் காப்புறுதி செய்வது ஹராம் என்று ஆலிம்கள் சொல்லியிருந்தபடியால் அவனிடம் ஒருவரும் எதுவும் எடுப்பதில்லை. சைக்கிளில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு சும்மா சுற்றுவான். காரை ஒருமுறை பார்த்தான், என்னை ஒருமுறை பார்த்தான்.

"கார்ல பிழை இல்ல காக்கா. பிழை உங்கள்லதான்." (எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம். பறவைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.) "வயசு காணா. லைசனும் வெளிநாட்டு லைசன். வயசான ஒருத்தர், முப்பது வருசம் லைசன் வெச்சிருக்கிறவர், எங்கயும் அடிபடாதவர், அப்பிடி ஒராள்ற பேருக்குக் காரை மாத்தினா பிரீமியம் மூணில ஒரு பங்குதான் வரும். வீட்டில ஆரும் இரிக்காங்களா?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விறாந்தையைப் பார்த்தோம். அங்கே மாமா மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார்.

மாமா என்றால் என் மனைவி பரீதாவின் வாப்பா, ஆதம்லெப்பை ஹாஜியார். எங்கள் ஊர் வழக்கப்படி கல்யாணம் முடித்தவன் பெண் வீட்டில்தான் இருக்கவேண்டும். ஆகவே அவருடைய கூரைக்குக் கீழேதான் நானும் இருந்தேன். ஒரு காலத்தில் நெல் லொறி ஓட்டியவர். வயது அறுபத்தொன்று. பொய் என்றால் அவருக்குப் பாம்பைக் கண்ட மாதிரி. நெல்லு ஈரமாக இருந்தால் வாங்க வந்தவனிடம் தானாகவே, "இது ஈரம், நாளைக்கு வா" என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

றஸாக் நீட்டிய படிவத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"என்னத்த எழுதிரிக்கி?"

"கார்ர சொந்தக்காரர் நீங்க எண்டு மாமா" என்றேன்.

"நான் இல்லியே."

"சும்மா பேருக்குத்தான்."

"பேருக்கு எண்டா பொய்தானே மகன்? ஹஜ் செஞ்ச கையால பொய்யில கையொப்பம் வெக்கச் சொல்றீங்களா?"

இன்னும் இரண்டு நாள்தான். மாமா மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"ஒண்டு செய்யலாம். காரை எனக்கு ஹிபாவாத் தந்துடுங்க. அப்ப எழுதினது மெய்யாயிரும்."

ஹிபா என்றால் மார்க்கப்படி கொடுக்கும் நன்கொடை. வாயால் சொல்லிப் பொருளைக் கையில் கொடுத்து, வாங்குகிறவர் ஏற்றுக்கொண்டால் முடிந்தது. எனக்கு உள்ளுக்குள் சிரிப்புத்தான் வந்தது. கிழவருடைய மனம் ஆறினால் சரி, இரண்டு வசனம் சொல்வதில் என்ன குறைந்துவிடப்போகிறது? தேங்காய் பறிக்க வந்த மம்மலியும் றஸாக்கும் சாட்சி. கார்த் திறப்பை (சாவியை) மாமாவின் உள்ளங்கையில் வைத்து, "ஹிபாவாத் தந்துட்டன் மாமா" என்றேன். "ஏத்துக்கிட்டன்" என்றார். திரைக்குப் பின்னால் இருந்து பரீதாவின் தங்கை ஜெஸீமா தேத்தண்ணி நீட்டினாள். றஸாக் ஒன்றைக் குடித்துவிட்டு இன்னொன்றும் கேட்டு வாங்கிக் குடித்தான். நான் அதையெல்லாம் எங்கே கவனித்தேன்? மூன்றில் இரண்டு பங்கு மிச்சம் என்ற மயக்கத்தில் இருந்தேன்.

காப்புறுதிப் பத்திரம் வந்த அன்று மாமாவிடம் திறப்பைக் கேட்டேன்.

"எங்க போகணும்? வாங்க, நான் கொண்டுபோய் விடுறன்" என்றார்.

"நீங்க என்னத்துக்கு மாமா கஷ்டப்படுறீங்க?"

"ஓட்டுறவர் சொந்தக்காரர் மட்டும் எண்டுதானே எழுதிரிக்கி? நீங்கதானே பக்கத்தில இருந்து எழுதுவிச்சீங்க."

நான்தான். இன்னொன்றும் நானே எழுதுவித்திருந்தேன். எதற்குப் பாவிப்பது என்று கேட்ட இடத்தில், பிரீமியம் இன்னும் இறங்கட்டும் என்று 'பள்ளிவாசலுக்கும் வயலுக்கும்' என்று போடச் சொன்னேன். மாமா அதன்படியே நடந்தார். ஐந்து நேரமும் நூற்றிருபது மைல் கார் பத்து மைல் வேகத்தில் பள்ளிக்குப் போனது. மற்ற நேரத்தில் வயல் வட்டைக்குப் போனது. பின் சீட்டில் யூரியா மூடை, விதைநெல், ஒரு நாள் பிடிவாதமான ஒரு கிடாய். நான் முன் சீட்டில் இருந்து பல்லைக் கடித்துக்கொண்டு போவேன். சைக்கிள்காரர்கள் எங்களை முந்தும்போது சலாம் சொல்லிவிட்டுப் போவார்கள்.

இதற்கிடையில் ஃபாறூக்கின் கல்யாணம் வந்தது. பாலைவனத்தில் என்னோடு ஒரே கூடாரத்தில் கிடந்தவன். "நீ மாப்பிள்ளையாப் போறது எண்ட கார்லதான்டா" என்று அங்கேயே வாக்குக் கொடுத்திருந்தேன். மாமாவின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன்.

"கல்யாணத்துக்கு எண்டு எழுதலியே" என்றார். பிறகு அவருக்கே இரக்கம் வந்தது. "நிந்தவூருக்குத்தானே? போற வழியில வயலை ஒருக்காப் பார்த்துட்டுப் போனாப் பொய்யாகாது."

கோட்டும் தலைப்பாகையும் மாலையுமாக ஃபாறூக் முன் சீட்டில் இருந்தான். இரண்டு கதவுக் காரில் பின் சீட்டுக்குப் போக முன் சீட்டை மடித்து நுழையவேண்டும். நான் நுழைந்து யூரியா மூடைக்குப் பக்கத்தில் முழங்கால் தாடையில் இடிக்கக் குந்தியிருந்தேன். காரைதீவு தாண்டியதும் மாமா வரம்போரம் நிறுத்தினார். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வயலுக்குள் நடந்தார்.

ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவார் என்று நினைத்தோம். வாய்க்கால் உடைந்திருந்ததாம். மனுஷன் மண் வெட்டிப் போட்டு அடைக்கத் தொடங்கிவிட்டார். பெண்கள் ஏறிய உழவு மெசின் எங்களைத் தாண்டிப் போனது. மாப்பிள்ளைத் தோழர்கள் சைக்கிளில் தாண்டிப் போனார்கள். வெயிலில் மாலை வாடி, யூரியா மணம் காருக்குள் ஏற, ஃபாறூக் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான்தான், "நூத்தியிருபது ஓடும்டா, இப்ப போயிருவம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் பெண் வீட்டார் மோட்டார் சைக்கிளில் தேடி வந்தார்கள். நிக்காஹ் எழுத வந்தவர் வேறு கல்யாணத்துக்குப் போய்விட்டாராம். ஃபாறூக் இறங்கி அந்த மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறிப் போனான். திரும்பியும் பார்க்கவில்லை. இன்றைக்கும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு வாயும் இல்லை.

அந்த அவமானம் ஆறுவதற்குள் ஒரு நாள் மாமா விறாந்தைக்குக் கூப்பிட்டார். முகமெல்லாம் சந்தோஷம்.

"ஜெஸீமாக்கு மாப்பிள்ளை சரிவந்திரிக்கி மகன். எங்கட றஸாக்தான். நல்ல புள்ள. வீட்டோட வாகனம் ஒண்டும் கேக்காங்க."

"நல்லம் மாமா. எந்த வாகனம்?"

"எண்ட பேர்ல ஒண்டுதானே இரிக்கி."

எழுந்து நின்று கத்தினேன். "மாமா! அது எண்ட கார்! அஞ்சி வருசம் வெயில்ல காஞ்சி வாங்கின கார்!"

அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். திகைத்துப்போய்ப் பார்த்தார்.

"அப்ப அண்டைக்கு என்னைப் பொய்யில கையொப்பம் வெக்கச் செஞ்சீங்களா?"

திரைக்குப் பின்னால் மாமி மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது. பரீதாவும் அங்கேதான். ஓம் என்றால், ஹாஜியாரைப் பாவத்தில் இழுத்துவிட்ட பொய்யனாக அந்த வீட்டில் நான் சோறு தின்னவேண்டும். கொடுத்த ஹிபாவைத் திருப்பிக் கேட்கிறவனைப் பற்றி ஹதீஸில் என்ன சொல்லியிருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். (ஒரு நாயும் அது கக்கியதும் அதில் வரும். மிச்சத்தைச் சாப்பிட்டு முடித்தபிறகு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.)

"இல்ல மாமா" என்றேன். கிணற்றடிக்குப் போய் முகம் கழுவுகிற மாதிரி அழுதேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

றஸாக் காரைத் தன் பேருக்கு மாற்றினான். மாற்றிய கையோடு முழுப் பிரீமியத்தையும் கட்டினான். ஒரு சதம் குறைத்துக் கேட்கவில்லையாம். ஏன் என்று கேட்டேன்.

"இப்பிடி ஒரு சாமானுக்கு மலிவு பார்க்கலாமா காக்கா?" என்றான்.

அன்றைக்கு அவனைக் கிணற்றுக்குள் தள்ளாமல் விட்டதற்கு எனக்குச் சொர்க்கத்தில் ஒரு மூலையாவது கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். பரீதா ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தேன். "உங்களுக்குப் பிரீமியம் குறையணும் எண்டுதானே ஆசை? இப்ப கட்ட ஒண்டுமே இல்லியே" என்றாள். அந்த ஒரு வசனம் குடும்பம் முழுக்கப் பரவிவிட்டது. பெருநாள் சாப்பாட்டில் யாராவது மலிவாக ஏதோ வாங்கினேன் என்று வாய் திறந்தால் போதும், முழுச் சபையும் என்னைப் பார்த்துச் சிரிக்கும். றஸாக்தான் முதல் ஆளாகச் சிரிப்பான்.

மாமா மௌத்தாகி வெகு காலம். நானும் இப்போது ஒரு மாமாதான். கொஞ்சக் காலத்துக்கு முன்பு என் மூத்த மருமகன் வெளிநாட்டில் இருந்து வந்து புத்தம் புது வேன் ஒன்று வாங்கினான். ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டில் மெதுவாகக் கேட்டான்.

"மாமா, இன்சூரன்ஸ் பெரிய காசு சொல்றான். உங்கட பேர்ல எழுதினாக் குறையுமாம்."

பரீதா கறிச்சட்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். றஸாக் வாயில் வைத்த சோற்றை மெல்லவில்லை.

"அதுக்கென்ன மகன், தாராளமா எழுதுங்க" என்றேன்.

என் இளைய மகளுக்கு நாங்கள் அப்போது மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை வீட்டாரும் ஒரு வாகனம் கேட்டிருந்தார்கள்.