மேனேஜர் வீட்டு மீன்

மீசைக்காரன் மூன்று நாட்களாகப் பானையை விட்டு வெளியே வரவில்லை.

கோவிந்தராஜன் தொட்டியின் முன்னால் மண்டியிட்டு, மொபைல் வெளிச்சத்தைப் பானைக்குள் அடித்தார். ஒரு வால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"தீனி போட்டாலும் வரமாட்டேங்குது. செத்துகித்து வெச்சிருச்சுன்னா?" என்றாள் மனைவி கோதை.

"அது செத்தா நானும் செத்தேன்."

மிகையில்லை. மீன் மாதவுடையது. மாதவ், மகர்பட்டா ஆபீசில் அவருடைய மேனேஜர். பதினைந்து வயது இளையவன். வாயால் 'சார்', மனதுக்குள் 'அவன்'. அமெரிக்காவுக்கு இரண்டு மாத வேலையாகப் போகும் முன், தொட்டியைத் தானே காரில் ஏற்றி ஹடப்சர் ஃபிளாட் வரைக்கும் கொண்டுவந்து வைத்தான்.

"பிரிசில்நோஸ்னு ஒரு ஜாதி மீன், ஒரு ஜோடி. பெருசா, மூஞ்சி பூரா முள்ளு முள்ளா மீசை இருக்கே, அது ஆண். சின்னதா, மூஞ்சி வழுவழுன்னு இருக்கறது பெண். இனிமே உங்க பொறுப்பு, கோவிந்த்."

தோளில் தட்டிவிட்டுப் போனான்.

டீமில் இரண்டு பேரை வேலையை விட்டு அனுப்பப் போகிறார்கள் என்று ஆபீசில் பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. நாற்பத்தொன்பது வயதில் அனுப்பினால் வேறு எவன் கூப்பிடுவான்? ஃபிளாட் லோன் முடிய இன்னும் ஒரு மாமாங்கம் இருந்தது.

பக்கத்து நாற்காலி சபரிதான் தெம்பு சொன்னான். "உங்களுக்கு பயமே இல்ல சார். வேலையை விட்டுத் தூக்கப் போறவர் கையில யாராச்சும் வீட்டு மீனைக் குடுப்பாங்களா?"

அன்றிலிருந்து கோவிந்தராஜன் அந்த மீன்களை மீன்களாகப் பார்க்கவில்லை.

"மாட்டிக்கிச்சு போல," என்று இப்போது பானையைத் தூக்கிக் கவிழ்த்து ஒரு குலுக்குக் குலுக்கினார்.

மீசைக்காரன் விழுந்தான். பின்னாலேயே ஆரஞ்சு நிறத்தில் முட்டைகள் கொத்தாக வந்து விழுந்து, தொட்டியெங்கும் சிதறின.

கோதை அதற்குள் மொபைலில் தேடிவிட்டாள். "முட்டையை ஆம்பிளைதான் அடைகாக்குமாம். பத்து நாள் வெளிய வராதாம். தொந்தரவு பண்ணக் கூடாதாம்."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"மீனு உங்க மேனேஜரோடது. நானென்னத்தக் கண்டேன்?"

முட்டைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. கோவிந்தராஜன் குழாயைத் திறந்து மொத்தத் தண்ணீரையும் ஒரே மூச்சில் மாற்றினார். குளோரின் நெடி கூடத்துக்கே வந்தது. மறுநாள் காலையில் பெண் மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் மாதவுக்குப் படம் அனுப்புவது வழக்கம். அந்த வாரம் பழைய படத்தையே அனுப்பினார். பதிலுக்குக் கட்டைவிரல் வந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த மீன் கடைக்காரன், சின்னதாக, வழுவழு முகமாக ஒன்றைப் பிடித்துக் கொடுத்தான். "பெண்தான் சாப். பக்கா," என்றான் இந்தியில்.

மூன்று வாரத்தில் பக்காவுக்கு மீசை முளைத்தது.

இரண்டு ஆண்களும் ஒரே பானைக்காகக் கட்டிப் புரண்டன. பழைய மீசைக்காரனின் வால் கிழிந்த குடைத்துணி மாதிரி ஆயிற்று. கோவிந்தராஜன் புதியவனைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடினார்.

"சின்ன வயசுல எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சிதான் சாப். மீசை அப்புறம்தான் வரும்."

"பக்கான்னியே?"

"அன்னிக்குப் பக்கா."

இனிமேல் மீசை முளைக்கவே வழியில்லாத கிழடாக ஒன்றைக் கேட்டு வாங்கினார். சந்தேகமில்லாத பெண். ஆனால் மீசைக்காரனைவிட ஒரு சுற்றுப் பெரியது. மாதவ் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவான்.

அவளைப் பட்டினி போட்டார். வெள்ளரித் துண்டை மீசைக்காரனின் வாய்க்கருகே நீட்டிக் காவலிருந்தார். அவளோ நாளுக்கு நாள் வயிறு பெருத்தாள்.

"ஆம்பிளைக்கு வெள்ளரிக்கா, பொம்பளைக்குப் பட்டினி," என்றாள் கோதை. "நீங்க மனுசங்களுக்குப் பண்றது பத்தாதா, மீனுக்குமா?"

"இளைக்கலேன்னா என் வேலை போயிரும், கோதை."

"அது இளைக்காதுங்க. அது முழுகாம இருக்குது."

கோதை சொன்னதுதான் சரி. ஒரு வாரத்தில் மீசைக்காரன் மறுபடி பானைக்குள் போனான். இந்த முறை கோவிந்தராஜன் அந்தப் பக்கம் மூச்சுக்கூட விடவில்லை. வீட்டில் மிக்சி போடத் தடை. சட்னி இல்லாத இட்லிக்கு வீடு பழகிக்கொண்டது. கடைசியில் கண்ணாடியெங்கும் வால் முளைத்த கடுகு போலக் குஞ்சுகள் ஒட்டிக்கொண்டன.

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு கோவிந்தராஜன் வாய்விட்டுச் சிரித்தார்.

"குஞ்சே பொரிச்சாச்சா?" என்றான் சபரி. "அப்ப இன்க்ரிமென்ட்டும் உண்டு சார்."

மாதவ் திரும்ப ஒரு நாள் இருக்கும்போது அந்தப் பெருத்த பெண் மீண்டும் உறுத்தினாள். எந்தப் பக்கம் நின்று படமெடுத்தாலும் அவள்தான் பெரியவளாகத் தெரிந்தாள்.

"பேசாம அவிய சம்சாரத்துகிட்ட போய் உண்மையச் சொல்லிப்போடுங்க," என்றாள் கோதை. "அந்தப் புள்ள எடுத்துச் சொன்னா கோவம் பாதி அடங்கிரும்."

மூடி போட்ட வாளியில் மீன்கள், குஞ்சுகள். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் அவர் தானே எம்பிக் கொடுத்தார். லிஃப்டில் மன்னிப்பை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார்.

மாதவின் மனைவி ராஜஸ்ரீ கதவைத் திறந்தாள். இந்த மராட்டி ஊரின் கோர்படியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். "அரே, கோவிந்த் அங்கிள். உள்ள வாங்க. பானி எடுத்துண்டு வரேன்."

"வேண்டாம்மா. ஒரு தப்பு நடந்துபோச்சு." மூன்று விதமும் மறந்துபோய் நான்காவதாக ஒன்று வந்தது. "முட்டையை நான்தான் கொட்டினேன். பெண் மீன் செத்துருச்சு. இது கடையில வாங்கினது, கொஞ்சம் பெருசு. ஆனா குஞ்சு பொரிச்சிருக்கும்மா. எல்லாத்தையும் கொண்டாந்துட்டேன். சார்கிட்ட நீங்கதான் பக்குவமா எடுத்துச் சொல்லணும்."

ராஜஸ்ரீ மூடியைத் தூக்கிப் பார்த்தாள். குழப்பமாக அவரைப் பார்த்தாள். வாளியை மெல்ல அவர் பக்கமே நகர்த்தினாள்.

"இதை ஏன் வாபஸ் கொண்டு வந்தீங்க அங்கிள்? இது உங்களுக்கேதான். 'நான் திரும்பி வந்ததும் கோவிந்த் வீட்டோடதான் இருக்கப் போறார், அவருக்குப் பொழுது போக வேணாமா'ன்னு மாதவ் போறச்சேயே சொன்னாரே."