இடது பக்கம் பாடவில்லை

“புல்லாங்குழல் எங்கண்ணா போச்சு?” என்றான் கார்முகில்.

“அங்கதான் கீது தம்பி, இடது ஸ்பீக்கர்ல,” என்றார் நாகப்பன். ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்கு எதிரே பாட்டுப் பெட்டிகள் விற்கும் கடை அவருடையது.

“வலப்பக்கம் தபேலா கணீர்னு கேக்குது. குழல் மட்டும் கிணத்துக்குள்ள உக்காந்து ஊதுற மாரி கீது.”

கார்முகில் ஒரகடத்தில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் ஒன்றில் தரம் பார்க்கிறவன். ஓ.டி. வேலை முடிந்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே கடைக்கு வந்திருந்தான். பத்துக்குப் பத்து அறைக்கு எத்தனை வாட்ஸ் போதும், எட்டாயிரத்துக்குள் எந்த ஆம்ப்ளிஃபயர் உருப்படியானது என்று ஒரு மாதமாக நோட்டில் கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தான். எழுதிய ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கேள்விக்குறி. அதனாலேயே மூன்று சனிக்கிழமை வெறுங்கையோடு வீடு திரும்பியாயிற்று.

இன்று நான்காவது. காலையில் மனைவி எழிலரசி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

“எட்டு மணிக்குள்ள வாங்கினு வந்தா சரி. இல்லாட்டி என் தம்பி ஜீவா அவன் பெட்டிய கொண்டாந்து வெச்சிடுவான்.”

மச்சான் ஜீவானந்தத்தின் பெட்டி இடுப்பளவு உயரம். அடியில் சக்கரம். பாட்டு ஆரம்பித்தால் சிவப்பும் பச்சையுமாக விளக்கு சுழலும். அது உள்ளே வந்துவிட்டால் ஆயுசுக்கும் திருவிழாவுக்கு நடுவில்தான் குடித்தனம்.

நாகப்பன் இரண்டாவது ஆம்ப்ளிஃபயரை மாட்டினார். இடது பக்கம் மந்தம். மூன்றாவதை மாட்டினார். அதுவும் மந்தம்.

“எனக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாரிதான் கேக்குது,” என்றார்.

“விக்கிறவருக்கு அப்டித்தாண்ணா கேக்கும்.”

சாதாரணமாக, பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவன் கார்முகில். ஆனால் மூன்று பெட்டியும் ஒரே தப்பைச் செய்தபோது, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவனுக்குத் தன் மேல் சந்தேகமே வரவில்லை.

நாகப்பன் பேலன்ஸ் திருகை இடது கோடிக்குத் திருப்பினார்.

“இப்ப கொஞ்சம் பரவால்ல,” என்றான் கார்முகில்.

அந்த நேரம் பார்த்து ஒரு தம்பதி உள்ளே வந்தார்கள். அந்த அம்மாள் காதைத் தீட்டிக் கேட்டாள்.

“வலது பக்கம் ஊமையா கீதுங்க. வேற கடை பாக்கலாம் வாங்க.”

அவர்கள் போன திசையையே பார்த்த நாகப்பன், பேலன்ஸை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு, இரண்டு ஸ்பீக்கரையும் வயரோடு தூக்கி இடம் மாற்றி வைத்தார்.

“குழல் வந்துடுச்சுண்ணா. தபேலா பூடுச்சு.”

“அதெப்டி போவும்?”

“ஸ்பீக்கர் மேல தப்பில்ல. ஆம்ப் மேலயும் தப்பில்ல. உங்க கடையோட இடது பக்கந்தான் சரியில்ல. அந்த அட்டைப்பெட்டிங்க சத்தத்த முழுங்குது.”

நாகப்பன் முனகிக்கொண்டே இடது சுவரோரம் அடுக்கியிருந்த இருபத்திரண்டு அட்டைப்பெட்டிகளையும் வாசல் பக்கம் நகர்த்தினார். அவற்றைப் பார்க்கக் கார்முகில் வாசலை நோக்கித் திரும்பினான்.

“அண்ணா, கோளாறு இப்ப வலது பக்கத்துக்குப் போயிடுச்சு.”

நாகப்பன் அப்படியே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். “தம்பி, நான் முப்பது வருசமா இந்தத் தொழில்ல கீறேன். கோளாறு நடந்து போய் நான் பாத்ததில்ல.”

மணி ஏழு நாற்பது. கார்முகில் நோட்டை மூடினான். கேட்கிற எல்லாவற்றிலும் குறை என்றால் எதை வாங்குவது? வீட்டுக்குப் போன் செய்தான்.

“எழில், ஜீவாவையே கொண்டாரச் சொல்லு.”

“அவன் வந்து ஒரு மணி நேரம் ஆவுது. நாலு வாரமா உங்க நோட்ட பாத்துக்கினுதானே கீறோம்? சோபாவ வெளிய போட்டுட்டு பெட்டிய உள்ள வெச்சாச்சு.”

போனுக்குள் பறை முழங்கியது.

கார்முகில் போனைப் பையில் போட்டுக்கொண்டு நின்றான். யாரோ தோளைத் தட்டினார்கள். இடப்பக்கம் பக்கத்து டீக்கடை மஞ்சுளா அக்கா, கையில் தூக்கோடு நின்றிருந்தார்.

“டீ வேணுமான்னு மூணு வாட்டி கேட்டுட்டேன் தம்பி. கம்பெனி சத்தத்துக்கு அடைச்ச பஞ்ச இந்த இடது காதுலேர்ந்தும் எடுத்தாதானே கேக்கும்?”