மருமகனின் வெறும் மணிக்கட்டு

ஷுப்ரா, கெய்ரோ

மதிப்புக்குரிய சம்பந்தி ரம்சி அவர்களுக்கு, லபீப் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நலமா என்று மட்டும் கேட்காதீர்கள். டொராண்டோவில் நீங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

உங்கள் மகன் பிஷோய் தங்கமான பையன். நோன்பு நாளில் எண்ணெய் போட்ட அவரைக்கொட்டையை முகம் சுளிக்காமல் சாப்பிடுகிறான். ஆனால் அவன் வலது மணிக்கட்டில் நம் எல்லோரையும் போல் பச்சை குத்திய சிலுவை இல்லை என்பதை நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நிச்சயதார்த்த ஆராதனைக்கு உறவெல்லாம் உள்ளே கூடிவிட்டது, என் மகள் தெமியானா புது உடையில் நிற்கிறாள், மாப்பிள்ளையைக் காணோம். வெளியே ஓடிப் பார்த்தால் கோயில் காவலாளி அய்யாத் அவனை வாசலில் மறித்து வைத்திருக்கிறான். கிறிஸ்தவன்தானா என்று பார்க்கக் கையைக் காட்டச் சொன்னானாம், இவன் கைகுலுக்கினானாம். பிறகு கர்த்தர் கற்பித்த ஜெபத்தை ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினானாம். "இதெல்லாம் சினிமாவுலயும் சொல்றாங்க தம்பி" என்றிருக்கிறான் அய்யாத். நான் சாட்சி சொன்னேன். "உங்கள எனக்குத் தெரியும் லபீப் ஐயா. உங்களையே ஏமாத்தியிருந்தா?" என்று என்னிடமே கேட்கிறான். கடைசியில் பாதிரியார் தூபக்கலசத்தோடு வந்து மாப்பிள்ளையை உள்ளே அழைத்துப் போனார்.

அன்று பிடித்தது சனி. "என் கல்யாணத்துக்கும் வாசல்லதான் நிப்பீங்களா? சிலுவை குத்திக்கிட்டு வாங்க. இல்லன்னா மோதிரத்தக் கழட்டிடுறேன்" என்கிறாள் தெமியானா. உங்கள் பிள்ளையோ லேவியராகமத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான், உடம்பில் எந்த எழுத்தும் கூடாது என்று அதில் இருக்கிறதாம். "உடம்பு பரிசுத்த ஆவியோட ஆலயம், தெமியானா." "ஆலயம்னா மேல ஒரு சிலுவை இருக்கணும்ல?" நடுவில் நான்.

அவனிடம் பொறுமையாகப் பேசிப் பார்த்தேன். உங்கள் ஊரில் கண்டவனும் பச்சை குத்திக்கொள்கிறானாம், அதனால் விசுவாசிகள் குத்திக்கொள்ள மாட்டார்களாம். இங்கே அக்கம்பக்கத்து முஸ்லிம்கள் குத்திக்கொள்வதில்லை, அதனால்தான் நாம் குத்திக்கொண்டோம் என்றேன். இரண்டும் ஒன்றுதான் என்று எனக்கே தோன்றியது. மடத்து வாசலில் பச்சை குத்துகிறவரிடமும் கூட்டிப் போனேன். எங்களுக்கு முன்னால் ஒரு சின்னக் குழந்தை குத்திக்கொண்டு கரும்பைக் கடித்தது. இவன் ஊசியைப் பார்த்ததும் வெளுத்து என் தோளில் சாய்ந்துவிட்டான். வசனம் பாதி, ஊசி பாதி என்று அன்றுதான் புரிந்தது. வசனம் இருந்தால் என்ன, நம் முன்னோர் படிக்காததா? பச்சை குத்துவது பாவம் என்று என் காதுபட யாரும் சொல்ல வேண்டாம்.

எனக்கு அலுத்துவிட்டது, சம்பந்தி. பயமாகவும் இருக்கிறது. அவளுக்கு அவனைப் பிடித்திருக்கிறது, அவனுக்கும் அப்படியே. வீம்பில் இரண்டும் பிரிந்துவிடும் போலிருக்கிறது. உங்கள் கையில் சிலுவை இருக்கிறதே, தகப்பனாக ஒரு அதட்டல் போடுங்கள். இதற்கு மேல் என் பேச்சு இந்த வீட்டில் எடுபடாது.

கன்னி மாதாவின் ஆசீர்வாதம் உங்கள் வீட்டில் தங்கட்டும். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம்.

அலுத்துப்போன,
லபீப்

பின்குறிப்பு: அவனை அதட்ட வேண்டாம். உறையை ஒட்டும்போது வந்து நின்றான். சிலுவை கேட்டால், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை புனித ஜார்ஜியார், குதிரை, வலுசர்ப்பம், ஈட்டி எல்லாம் குத்திக்கொண்டு வந்திருக்கிறான். கண்ணை மூடிக்கொண்டே இருந்தானாம். கோயில் வாசலில் அய்யாத் அந்தக் கையை முத்தமிட்டு உள்ளே அனுப்பினானாம். தெமியானா அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு தன் முதுகு முழுக்க மிகாவேல் தூதரை இறக்கைகளோடு குத்திக்கொள்ளப் போவதாகச் சொல்கிறாள். பாவம் என்றேன். "எங்க எழுதியிருக்கு, அப்பா?" என்கிறாள். உங்கள் பிள்ளையைப் பார்த்தேன். அவனுக்கு மறந்துவிட்டதாம். லேவியராகமத்தில் அந்த வசனம் எத்தனையாவது அதிகாரம்? உடனே எழுதவும்.