நான் முட்டை புதைத்தது எதற்கென்றால்

சேந்தமங்கலம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் அறிவுச்செல்விக்கு,

அம்மா எழுதுவது. நீயும் உன்னோடு அந்தத் தீவில் இருக்கும் ஆய்வுக்குழுவினரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் சுகம்.

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். நான் பக்கத்து வீட்டுச் செங்கோடனுக்குச் செய்வினை வைக்கவில்லை. உன் சித்தப்பா மகன் நவீன்குமார் இதற்குள் போன் செய்து கண், காது, மூக்கு வைத்துச் சொல்லியிருப்பான். சேலத்தில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். அங்கே பேயைப் பார்த்தேன் என்று சொன்ன பெண்ணை முதலில் கண் டாக்டரிடம்தான் அனுப்புவார்கள். எலுமிச்சம்பழத்தை ரசத்துக்கும் ஊறுகாய்க்கும் தவிர வேறு எதற்கும் நான் தொட்டதில்லை. முட்டை புதைத்தது உண்மை. எதற்கென்று எழுதுகிறேன்.

நீ அனுப்பும் குரல் பதிவுகளை நான் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்கிறேன். என் காதில் கோளாறு எதுவும் இல்லை. கடல் காற்று உன் பேச்சில் பாதியைத் தின்றுவிடுகிறது, அவ்வளவுதான். புது விமான நிலையம் கட்ட அந்தச் சின்னத் தீவில் தட்டையான கரை ஒன்றுதான் உண்டு, அந்தக் கரையில்தான் அந்தக் காட்டுக்கோழி இருக்கிறது, அது மண்ணையும் சருகையும் ஆள் உயரத்துக்குக் குவித்து அதற்குள் முட்டையிட்டுவிட்டு அடைகாக்காமல் போய்விடும், சருகு மக்கும் சூட்டில் முட்டை பொரியும், குஞ்சு தானே தோண்டிக்கொண்டு வெளியே வந்து தாயை ஒரு தடவைகூடத் தேடாமல் காட்டுக்குள் நடந்துவிடும் என்றாய். (இந்தக் கடைசிச் செய்தியை நீ சிரித்துக்கொண்டே சொல்லியிருக்க வேண்டியதில்லை.) மேடுகளை மறு கரைக்கு மாற்ற முடியுமா என்று கட்டுகிற கம்பெனி உன்னைக் கேட்கிறது. முடியும் என்று எழுதினால் தை மாதம் வேலை முடிந்து ஊர் வருவாய். முடியாது என்றால் இன்னும் ஒரு வருஷம் அங்கேயே இருந்து ஆராய வேண்டும். இவ்வளவையும் நான் கேட்டேன். மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற செங்கோடனுக்குக் கேட்டது கோழி என்ற ஒரே சொல்.

"ஏனுங்க்கா, அறிவு அங்க கோழி போட்டிருக்குதுங்களா? லேயரா, பிராய்லரா?"

நான் விளக்கினேன். அவன் பண்ணைக்காரன், கோழி என்றால் அவனுக்குக் கூண்டு, தீவனம், ட்ரே.

"எதா இருந்தா என்னங்க்கா, கோழி கோழிதானுங்க. புடிச்சுக் கேஜுல போட்டு லாரியில ஏத்துனா அக்கட்டால கொண்டு போயி எறக்கிர்றது. நான் வேணா முட்டை பொரிக்கற இன்குபேட்டர் ஒண்ணு அனுப்பட்டுங்களா?"

ஓடுபாதை விளக்குகளைப் பார்த்து ஆமைக் குஞ்சுகள் கடலுக்குப் போகாமல் கரைமேல் ஏறிச் சாகும் என்றேன். "குஞ்சுக்கு லைட்டு நல்லதுதானுங்களே, எங்க ஷெட்டுல விடிய விடிய எரியுது" என்றான். அத்தனை நிலத்தையும் சிமெண்டால் மூடினால் மழை உள்ளே இறங்காது, உப்புத் தண்ணீர்மேல் மிதக்கிற கொஞ்ச நல்ல தண்ணீரும் கெட்டுக் கிணறெல்லாம் கரிக்கும் என்று நீ சொன்னதைச் சொன்னேன். "நம்ம திருச்செங்கோட்டு ரிக்கு வண்டி ஒண்ணு போச்சுன்னா ஆயிரம் அடி போட்டுத் தண்ணியக் காட்டிருவானுங்க" என்றான்.

"ஆயிரம் அடியில அங்க இருக்கறது கடல், செங்கோடா."

"அதுவுந் தண்ணிதானுங்களே."

இவனிடம் வாயால் பேசிப் பயனில்லை என்று பரீட்சை வைத்தேன். கருவுள்ள நாட்டுக்கோழி முட்டைகளை அவனே கொண்டுவந்து கொடுத்தான். கிணற்றுக்குப் பின்னால் தென்னஞ்சருகும் சாணமும் மண்ணும் குவித்து நான் மேடு கட்ட வேண்டும், சூடு ஏறியதும் முட்டைகளை உள்ளே வைக்க வேண்டும், பிறகு கம்பெனி செய்யப்போவதுபோல மேட்டை அப்படியே துவைக்கிற கல் பக்கம் மாற்ற வேண்டும், குஞ்சு பொரித்தால் அவன் சொன்னது சரி, பொரிக்காவிட்டால் நான் சொன்னது. ஒப்பந்தம் பேசிவிட்டு அந்த மகராசன் தன் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் மக்காச்சோளம் ஏற்ற லாரியோடு கர்நாடகம் போய்விட்டான். நான் மேடு கட்டினேன், மாற்றினேன், இடுப்பு பிடித்துக்கொண்டது, அதை யாரிடமும் சொல்லவில்லை. தினமும் மேட்டுக்குள் கையை விட்டுச் சூடு பார்ப்பேன். அப்படி ஒரு காலை குனிந்திருக்கும்போது உன் குரல் ஓடிக்கொண்டிருந்தது. "சாப்பிட்டியாம்மா" என்று கேட்டு நீ முடித்தாய். பதிவுக்குப் பதில் சொன்னால் உனக்குக் கேட்காது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை. "சாப்பிட்டேன் சாமி, நீ எப்ப வருவ சாமி" என்றேன். வாசல் கூட்ட வரும் காளியாத்தாள் பின்னால் நின்றிருக்கிறாள். போன் என் மடியில் கிடந்தது அவளுக்குத் தெரியவில்லை. அவள் கண்டதெல்லாம், கிழவி மண்ணுக்குள் முட்டையைப் புதைத்துவிட்டுச் சாமியை வா வா என்று அழைக்கிறாள் என்பதுதான். உன்னைத் தவிர வேறு யாரை நான் சாமி என்பேன் என்று அவள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

அந்த வாரம் பார்த்து வெயில் கொளுத்தியது, செங்கோடன் பண்ணையில் கோழிகள் முட்டையிடுவது குறைந்தது. அவன் மனைவி அன்புச்செல்வி, ஐந்தாம் வகுப்பில் என்னிடம் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டக் கற்றவள், காளியாத்தாள் சொன்னதைக் கேட்டுப் பூசாரி ஆண்டியை அழைத்துக்கொண்டு என் கொல்லைக்கே வந்துவிட்டாள். ஆண்டி கையில் வேப்பிலை, மண்வெட்டி.

"ஆத்தா, உள்ள போயிக்கோங்க. எடுக்கறப்ப எதுக்கால நிக்கப்படாதுங்க."

"ஆண்டி, அது பரீட்சை."

"வெக்கறவங்க எல்லாரும் ஒரு பேரு சொல்லுவாங்கங்க."

தோண்டினான். அழுகிய முட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. அந்த நாற்றத்தை நான் எழுதப்போவதில்லை. ஆண்டி வேப்பிலையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இவ்வளவு வீரியத்தைத் தன் ஆயுளில் பார்த்ததில்லை என்றான். தெருவே கூடிவிட்டது. உன் அப்பா இறந்த பிறகு நம் கொல்லையில் அத்தனை பேர் நின்றது அன்றைக்குத்தான். எல்லோருக்கும் காபி கொடுக்கலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது.

மாலையில் செங்கோடன் வந்தான். நடந்ததைக் கேட்டு மனைவியைத் திட்டினான், ஆண்டியைத் திட்டினான், பிறகு உட்கார்ந்து முட்டை ஓடுகளைப் புரட்டிப் பார்த்தான். "மேட்டை மாத்துனப்பவே சூடு போயிருச்சுங்க்கா. ஆண்டி வாரதுக்கு முந்தியே செத்துப்போச்சு. நீங்க சொன்னதுதான் சரிங்க" என்றான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அப்போது அவன் கேட்டான்.

"அப்ப அறிவு முடியாதுன்னு எழுதீருமுங்களா?"

"எழுதுவா."

"அப்பத் தைக்கு வாராதுங்களா?"

பைப்பைத் திறந்து விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். பைப்பு மூடித்தான் இருந்தது.

என் கொல்லைக் குப்பையை வைத்து உன் படிப்புக்குப் பாடம் எடுக்கிறேன் என்று நினைக்காதே. உனக்குத் தெரிந்தது உனக்கே நன்றாகத் தெரியும். நான் சொல்ல வந்தது வேறு. போன பதிவில், "மாத்தலாம்னு எழுதிட்டா என்னம்மா, உங்கூட வந்து இருந்துருவேன்" என்று கேட்டாய். எனக்காக ஒரு சொல்லைக்கூட மாற்றாதே. நீ ஒரு பொய் எழுதிவிட்டு வந்தால், சமையலறையில் எனக்கு எதிரே உட்கார்ந்து அந்தப் பொய்யும் நம்மோடு சாப்பிடும். அவ்வளவு பேருக்குச் சமைக்க என்னால் ஆகாது. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. உன் அப்பா லாரியோடு அஸ்ஸாம் போனால் மாதக்கணக்கில் வரமாட்டார், போகிற ஊரிலிருந்தெல்லாம் கார்டு போடுவார், நானும் இருந்தேன். காத்திருப்பது எனக்குப் பழக்கப்பட்ட வேலை. இரண்டு பேருக்கு உலை வைப்பதும் பழக்கம்தான், மிச்சத்தைக் காளியாத்தாள் வாங்கிப்போகிறாள், இப்போது ஒரு வாரமாக வாங்க மறுக்கிறாள், பயமாம். இந்த வயதில் வீட்டைப் பூட்டிவிட்டு நான் எங்கும் வருவதாக இல்லை. கொல்லிமலை பஸ்ஸில் முதல் வளைவிலேயே எனக்கு வயிறு புரட்டும் என்பது உனக்குத் தெரியும். ஆகவே என்னைப் பற்றிக் கவலைப்படாமல், முடியாது என்பதை முடியாது என்றே எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு. தலையைத் துவட்டாமல் கடற்கரையில் நிற்காதே. நாமகிரித் தாயார் உனக்குத் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா.

பின்குறிப்பு: மேலே எழுதியதை மடித்து உறைக்குள் வைத்துவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு நடந்தேன். அங்கே டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் குமரனிடம் சும்மா விசாரித்தேன். விமானம் வராத ஊர்களுக்கும் கப்பல் போகிறதாம். பல நாள் பயணமாம், எல்லோரும் வாந்தி எடுப்பார்களாம், அதனால் நான் எடுத்தால் தனியாகத் தெரியாது என்றான். இடம் பதியச் சொல்லிவிட்டேன். தை பிறந்ததும் புறப்படுகிறேன். வீட்டுச் சாவி அன்புச்செல்வியிடம் இருக்கும். உன் குடிசையில் இன்னொரு கட்டில் போட இடம் இருக்கிறதா, அங்கே நான் சமைக்கலாமா என்று எனக்குத் தெரிய வேண்டும். குரல் பதிவு வேண்டாம். எழுத்தில் பதில் போடு.