ஏரிக்கரை ஓய்வுப் பரிபாலனம்

ஆல்ட்ஸே நகரவாசிகள் ஓய்வெடுக்கும் விதத்தில் ஒழுங்கு போதாது என்பதை நகராட்சி மன்றம் ஆழ்ந்த கவலையுடன் கண்டறிந்தது. நிதானம் என்பது ஊரெங்கும் நாகரிகமாகியிருந்த காலம் அது. ரொட்டிக் கடையில்கூட 'நிதான ரொட்டி' விற்றார்கள். விலை மட்டும் அவசரமாக ஏறியிருந்தது. எனவே பொதுமக்களின் நலன் கருதி ஏரிக்கரைச் சாலை 'நிதான மண்டலம்' என அறிவிக்கப்பட்டது. அதைப் பரிபாலிக்க ஓய்வுத் துறை என்று ஒன்றும் உதயமாயிற்று.

கஸ்பாருக்கு இதெல்லாம் தெரியாது. அவன் கூரியர் சைக்கிள்காரன். மருந்தும் பத்திரமும் சுமந்து வாரமெல்லாம் மேட்டில் மிதிக்கிறவன் செய்தித்தாளை எங்கே பிரிக்கப் போகிறான்? வெகுநாள் கழித்து அன்று விடுமுறை. வெயிலும் கண்ணைப் பறித்தது. கரையோடு சைக்கிளில் போக வேண்டும், படித்துறையில் குதித்து நீந்த வேண்டும், பொரித்த மீன் தின்றுவிட்டுப் புல்லில் மல்லாந்து படுக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

முதல் வளைவிலேயே வெளிர்நீல அங்கி அணிந்த அம்மாள் ஒருவர் கைநீட்டி மறித்தார். ஓய்வுத் துறைக் கள ஆய்வாளர் ரெகுலா ஆம்ஸ்டுட்ஸ்.

"எங்க சார் இவ்ளோ அவசரம்?"

"அவசரமே இல்லீங்க. இன்னைக்கு எனக்கு லீவு."

"அப்ப எங்கதான் போறீங்க?"

"எங்கயும் இல்ல மேடம். சும்மா சுத்தறேன்."

"எங்கயும் போகாத ஆளுக்கு எதுக்கு சார் இந்த வேகம்?"

யோசித்தால் கஸ்பாருக்கும் அது நியாயமாகத்தான் இருந்தது.

மெதுவாக மிதித்தான். ஒரு வாத்து அவனை முந்திக்கொண்டு போயிற்று. சைக்கிள் தள்ளாடிப் பூப்பாத்தியில் சாய்ந்தது. அம்மாள் ஓடிவந்தார்.

"முகத்துல பதற்றம் தெரியுது. இங்க பதற்றப்படக் கூடாது சார்."

"கீழ விழுந்தா பதறாம என்ன பண்றது? சரி, தள்ளிக்கிட்டே போறேன்."

"தள்ளறது உழைப்பாச்சே!"

சைக்கிளைச் சாத்திவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"கால் ஆட்டாதீங்க. பொறுமையில்லாத மாதிரி இருக்கு."

அப்போது அவன் கம்பெனி ஆள் ஒருவன், முதுகில் மூட்டையோடு, மணியடித்தபடி அம்பாகப் பறந்து போனான்.

"அவன மட்டும் விட்டுட்டீங்க?"

"அவர் வேலையா போறார் சார். இது ஓய்வெடுக்கறவங்களுக்கான சட்டம். வேலை செய்யறவங்களை நாங்க எப்படித் தடுக்க முடியும்?"

கஸ்பார் உடனே அலுவலகத்துக்குப் போன் போட்டான். பார்சல்களைப் பிரித்தனுப்பும் வெரேனா எடுத்தாள்.

"ஏரிக்கரைப் பக்கம் ஏதாவது பார்சல் இருக்கா?"

"ஏம்ப்பா, உனக்கு இன்னைக்கு லீவாச்சே?"

"அதனாலதான் கேக்கறேன்!"

"ஓ, நீயுமா? வந்து வரிசையில நில்லு. பல் டாக்டரம்மா இப்பத்தான் ஒண்ணு வாங்கிட்டுப் போனாங்க. காலிப் பெட்டிதான் மிச்சம், பரவாயில்லையா?"

பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தான். இப்போது காற்றைக் கிழித்துக்கொண்டு மிதித்தான். ரெகுலா அம்மாள் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்.

படித்துறையில் ஊரே வேலையில் இருந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் பார்சலைத் தலையில் வைத்தபடி நீந்திக்கொண்டிருந்தார். புதுமணத் தம்பதி ஒரே பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு முத்தமிட்டார்கள். கஸ்பாரும் நீந்தினான், மீன் தின்றான், பெட்டியைத் தலைக்கு வைத்துப் புல்லில் படுத்தான். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவன் மனம் லேசாகியிருந்தது.

சாயங்காலம் யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அங்கியைக் கழற்றிவிட்டு வந்த ரெகுலா அம்மாள். மடியில் ஒரு பார்சல்.

"டூட்டி முடிஞ்சுது" என்றார், ஏரியைப் பார்த்தபடி. "நானும் கொஞ்ச நேரம் உக்காரணுமே சார், என்ன செய்யறது?"

ஆண்டு முடிவில் ஓய்வுத் துறை தன் அறிக்கையைச் சமர்ப்பித்தது: ஏரிக்கரையில் முறைகேடாக ஓய்வெடுப்பவர் எவரும் இல்லை, திட்டம் மகத்தான வெற்றி. இதை நகரம் முழுமைக்கும் விரிவுபடுத்தலாமா என்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. மக்கள் பெருவாரியாக 'ஆம்' என்றார்கள். தன்னிடம்தான் பெட்டி இருக்கிறதே, அகப்படப் போவது அடுத்தவன்தானே என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்க வேண்டும்.

கஸ்பாரும் 'ஆம்' என்றே போட்டான். கூரியர் கம்பெனி காலிப் பெட்டிகளுக்கென்று தனிப் பிரிவு தொடங்கி அவனை அதற்கு மேலாளராக்கியிருந்தது. அதன்பின் அவனுக்கு விடுமுறையே கிடைக்கவில்லை.